கடையம் வட்டாரத்தில் சளிக்காய்ச்சலும் கொழுப்பும்: ஒரு நூற்றாண்டு வரலாறு

சளிக்காய்ச்சலை உண்டாக்கும் வைரஸ்கள் மனித உடலின் கொழுப்பைப் பயன்படுத்தித்தான் உள்ளே நுழைகின்றன, பெருகுகின்றன, வெளியேறுகின்றன. கொலஸ்ட்ரால் என்ற கொழுப்புப் பொருளுக்கு இதில் உள்ள பங்கு கடந்த முப்பது ஆண்டுகளில்தான் தெளிவாகத் துலங்கியது. காய்ச்சல்களோ அதற்கு வெகு முன்பே ஊர் ஊராக வந்து போயிருந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், அம்பாசமுத்திரத்துக்கும் தென்காசிக்கும் இடையே, இராமநதிப் பாசனத்தில் நெல் விளையும் கடையம் போன்ற ஒரு வட்டாரத்தின் நூறாண்டை எடுத்துக்கொண்டால், நோயின் கதையும் உணவின் கதையும் ஒன்றாகவே நடந்திருப்பது தெரியும். 1918-ல் இந்த மண்ணின் மக்கள் கொழுப்புக்குப் பஞ்சப்பட்ட உடலோடு தொற்றை எதிர்கொண்டார்கள். 2020-ல் கொழுப்பு முறைதவறிய உடலோடு எதிர்கொண்டார்கள்.

1918-ன் இன்புளூயன்சா ஜூன் மாதத்தில் பம்பாய்த் துறைமுகத்தில் தொடங்கியது. முதல் அலை லேசானது. செப்டம்பரில் எழுந்த இரண்டாம் அலைதான் கொடியது. பம்பாயிலிருந்து அது கிழக்கும் தெற்குமாகப் பரவி, அக்டோபர், நவம்பர் மாதங்களில் சென்னை மாகாணத்தில் உச்சத்தைத் தொட்டது. நோயைக் கொண்டுசென்றதில் ரயிலுக்குப் பெரும் பங்கு உண்டு என்று அன்றைய இந்திய அரசின் சுகாதார ஆணையர் நார்மன் ஒயிட் எழுதிய அறிக்கை கூறுகிறது. கடையத்துக்கு ரயில் அப்போது பழகிப்போன ஒன்று. திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வரை 1903-லேயே பாதை போடப்பட்டு, கீழக்கடையத்தில் வண்டி நின்று சென்றது. அடுத்த ஆண்டு அந்தப் பாதை மலையைக் குடைந்து புனலூர், கொல்லம் வரை நீண்டது. கிழக்கே தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் போனது. 1914 முதல் தனுஷ்கோடி, தலைமன்னார் வழியாகவும் இலங்கைக்குப் போக்குவரத்து நடந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொழும்புக் கடைகளுக்கும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்த காலம் அது. இலங்கையிலும் அதே 1918-ல் இரண்டு அலைகள் அடித்தன. மலைக்கு மேற்கேயும் கடலுக்குக் கிழக்கேயும் வாசல் திறந்திருந்த ஒரு மாவட்டம், நடுவில் இருந்த ஊர்களை மட்டும் நோயிலிருந்து தள்ளி வைத்திருக்க வழியில்லை.

ஊர்வாரியாக எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை அன்றைய பதிவேடுகளிலிருந்து பிரித்தெடுப்பது கடினம். பிறப்பு இறப்பைக் குறித்துவைத்தவர்கள் மருத்துவர்கள் அல்லர், கிராம அதிகாரிகள். இன்புளூயன்சாவில் இறந்தவரும் மலேரியாவில் இறந்தவரும் பெரும்பாலும் ‘காய்ச்சல்’ என்ற ஒரே பத்தியில் ஏறினார்கள். இந்தியா முழுவதற்குமான இறப்பு சுமார் ஒன்றேகால் கோடி என்று 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மதிப்பிட்டது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதை 1 கோடியே 70 லட்சத்துக்கு மேல் கொண்டுபோனார்கள். சென்னை மாகாணத்தின் இறப்பு விகிதம் பம்பாயையும் மத்திய மாகாணத்தையும் விடக் குறைவு. அலை மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி நகர நகர அதன் கொடுமை தணிந்தது என்பது ஆய்வாளர்கள் காட்டும் விளக்கம். இறந்தவர்களில் 20 முதல் 40 வயதுக்காரர்கள் மிகுதி. பெண்கள் ஆண்களைவிட அதிகம் மாண்டார்கள். நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களும், வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டவர்களும் பெண்களாகவே இருந்ததை நினைத்தால் இந்தக் கணக்கு வலிக்கிறது.

அந்த ஆண்டு சாப்பாடும் இல்லை. போரினால் கப்பல்கள் வேறு வேலைக்குப் போய்விட, பர்மா அரிசியின் வரவு குறைந்தது. தென்மேற்குப் பருவமழை நாட்டின் பெரும்பகுதியில் பொய்த்தது. விலை ஏறியது. 1918 செப்டம்பரில் சென்னை நகரத்தில் தானியக் கடைகளை மக்கள் சூறையாடினார்கள். மாகாணத்தின் மற்ற ஊர்களிலும் அதைப் போன்ற கலவரங்கள் நடந்தன. அரிசிக் கலவரம் நடந்த மாதத்துக்கு அடுத்த மாதமே இன்புளூயன்சாவின் உச்சம். பசியும் வைரஸும் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததை விட்டுவிட்டு 1918-ன் இறப்பைப் புரிந்துகொள்ள முடியாது.

கடையத்தின் வரலாற்றில் அந்த ஆண்டின் கடைசி மாதம் வேறொரு காரணத்துக்காக நினைவில் நிற்கிறது. புதுச்சேரியை விட்டு வெளியேறி 1918 நவம்பர் 20 அன்று கடலூர் அருகே கைதான சுப்பிரமணிய பாரதி, டிசம்பர் 14 அன்று விடுதலையாகி, மனைவி செல்லம்மாளின் பிறந்த ஊரான கடையத்துக்கு வந்து சேர்ந்தார். 1920 வரை அவர் இருப்பிடம் இதுவே. அவர் சிறையில் இருந்ததும் ஊருக்குப் பயணமானதும் இன்புளூயன்சா மாகாணத்தை உலுக்கிய அதே பருவத்தில்தான். பாரதியின் கடைய வாழ்க்கையின் வறுமையைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அந்த வறுமைக்குப் பின்னணியாக ஒரு மாகாணமே நோயிலிருந்தும் விலையேற்றத்திலிருந்தும் மீள முடியாமல் கிடந்தது என்பதையும் அதோடு சேர்த்து வாசிக்க வேண்டும்.

நோய்க்கு அன்று மருந்து இல்லை. நோய்க்கு வைரஸ் காரணம் என்றே எவருக்கும் தெரியாது. பைஃபர் என்ற ஜெர்மானியர் 1892-ல் கண்ட ஒரு பாக்டீரியாவையே மருத்துவ உலகம் குற்றவாளியாக நம்பிக்கொண்டிருந்தது. ஊரில் இருந்தது பத்தியம் ஒன்றுதான். காய்ச்சல் கண்டவருக்குப் புழுங்கலரிசிக் கஞ்சி, மிளகு ரசம், சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் கொதிக்கவைத்த நீர், தொட்டுக்கொள்ள நார்த்தங்காய். எண்ணெய்ப் பலகாரம் கூடாது, தயிர் கூடாது, தேங்காய் கூடாது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பது முற்றிலும் விலக்கு. காய்ச்சல் இறங்கி, பசி எடுத்து, உடம்பு தேறிய பிறகுதான் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். குற்றாலச் சாரலில் எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பதை உடம்புக்கு உறுதி என்று கருதிய அதே மக்கள், மார்பில் சளி கட்டினால் எண்ணெய்ப் பக்கமே போகமாட்டார்கள். நோயில்லாத உடலுக்குக் கொழுப்பு பலம், நோயுற்ற உடலுக்கு அது சுமை என்பது இந்த வழக்கத்தின் உள்ளே இருந்த எண்ணம்.

இந்த எண்ணத்தை இன்றைய உடலியலோடு வைத்துப் பார்க்கலாம். நான்கைந்து நாள் எண்ணெய்ப் பலகாரத்தை விலக்கியதால் நுரையீரல் செல்களில் உள்ள கொலஸ்ட்ரால் குறைந்துவிடாது. தோலில் தேய்க்கும் நல்லெண்ணெய் இரத்தக் கொலஸ்ட்ராலைக் கூட்டுவதும் இல்லை. நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ கடலை எண்ணெயிலோ கொலஸ்ட்ராலே கிடையாது. அது விலங்கு உணவில் மட்டும் இருப்பது. உடலில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை ஈரலும் மற்ற செல்களும் தாமே செய்துகொள்கின்றன. ஆக, பத்தியம் வைரஸை நேரடியாகத் தொட்டதில்லை. பசியற்ற உடலுக்குச் செரிக்கும் உணவையும், நீரையும், ஓய்வையும் அது உறுதிசெய்தது. மருந்தே இல்லாத காலத்தில் அதுவே பெரிய உதவி. ஆனால் ஏற்கெனவே மெலிந்து கிடந்தவருக்கு வாரக்கணக்கில் கஞ்சி மட்டும் என்றால் அந்த வழக்கம் கேடாகவும் முடியும்.

காய்ச்சலின்போது உடலின் கொழுப்புக்கு என்ன நேர்கிறது என்ற கேள்வியை அந்தப் பெருந்தொற்று ஓய்ந்த கையோடு ஆய்வகம் தொட்டது. கொலஸ்ட்ரால் என்ற பொருள் அப்போதே பழையது. 18-ஆம் நூற்றாண்டில் பித்தக்கற்களிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டிருந்தது. 1913-ல் ரஷ்யாவின் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் ஊட்டி அவற்றின் தமனிகளில் கொழுப்புப் படிவதைக் காட்டியிருந்தார். 1920-ல் அமெரிக்காவில் கிப் என்பவர் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தை அளந்தபோது, நோய் முற்றிய நாட்களில் கொலஸ்ட்ரால் தாழ்ந்திருப்பதையும் நோயாளி தேறும்போது அது ஏறுவதையும் கண்டார். நூறாண்டு கழித்துக் கோவிட் வார்டுகளில் அதே காட்சி மறுபடி தென்பட்டது. கடுமையான தொற்றில் ஈரல் தன் வேலையை மாற்றிக்கொள்கிறது. அழற்சி கொழுப்புத் துகள்களின் அமைப்பைக் குலைக்கிறது. செல்கள் பழுதுபார்ப்புக்குக் கொழுப்பை இழுத்துக்கொள்கின்றன. காய்ச்சலின் நடுவே எடுத்த கொலஸ்ட்ரால் அளவு அந்த மனிதரின் வழக்கமான அளவு ஆகாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

உணவுக்கும் நுரையீரல் நோய்க்கும் உள்ள உறவைத் தமிழ் மண்ணிலேயே வைத்து ஆராய்ந்தவர் ராபர்ட் மெக்கரிசன். குன்னூரில் 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிறுவன வளாகத்தில் 1918-ல் ஓர் அறையில் அவர் தொடங்கிய ஆய்வு, பின்னாளில் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவை அப்படியே எலிகளுக்கு ஊட்டி, அவற்றின் வளர்ச்சியையும் நோயையும் அவர் ஒப்பிட்டார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பயறு, காய்கறி சேர்ந்த பஞ்சாப் சீக்கியர்களின் உணவில் எலிகள் செழித்தன. தீட்டிய அரிசியை நம்பி, பாலும் காயும் அரிதாகச் சேர்ந்த சென்னை மாகாண ஏழைகளின் உணவில் அவை நலிந்தன. சத்துக் குறைந்த உணவு தின்ற எலிகளிடம் நுரையீரல் நோய்கள் மிகுதியாகத் தென்பட்டன. இந்தச் சோதனைகளின் முடிவு அக்காலத்துத் தமிழர்களைக் குத்தியது. குத்த வேண்டியதுதான். ஆற்றுப் பாசனத்தில் நெல்லை விளைவித்துக்கொண்டே, உழைப்பவர் வீட்டில் மோரும் நெய்யும் விருந்துக்கு மட்டும் என்று இருந்த ஒரு சமூகத்தின் கணக்கு அது. மெக்கரிசன் தொடங்கிய கூடம் 1958-ல் ஹைதராபாதுக்கு இடம்பெயர்ந்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இன்றும் நடக்கிறது.

நெய்யும் பாலும் இல்லாமை எப்படி மூச்சுக்குழாயைப் பாதிக்கிறது என்பதற்கு வைட்டமின் ஏ விடை தந்தது. கொழுப்பில் மட்டும் கரையும் அந்தச் சத்து குறைந்தால் மூச்சுக்குழாயின் உள்தோல் தன் இயல்பை இழந்து தடித்துப்போகிறது. சளியையும் கிருமியையும் மேலே தள்ளும் நுண்ணிழைகள் உதிர்கின்றன. 1928-ல் இங்கிலாந்தில் கிரீனும் மெலன்பியும் அதைத் தொற்றெதிர்ப்பு வைட்டமின் என்றே அழைத்தார்கள். முருங்கைக்கீரையிலும் பப்பாளியிலும் உள்ள நிறமியும் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும். அதற்கும் கூடவே கொஞ்சம் எண்ணெய் வேண்டும். கொழுப்பைப் பகையாக மட்டும் பார்க்கும் இன்றைய பேச்சில் இந்தப் பழைய பாடம் மறந்துவிடுகிறது.

இன்புளூயன்சாவின் உண்மையான காரணியை 1933-ல் லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பாட்ரிக் லெய்ட்லா ஆகிய மூவர் கண்டுபிடித்தார்கள். அது வைரஸ். அதன் பின் வந்த அடுத்த பெருந்தொற்று 1957-ல் தமிழகத்தின் வழியாகவே இந்தியாவுக்குள் நுழைந்தது. மே மாத நடுவில் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகம் வந்த ரஜூலா கப்பலில் பயணிகள் பலர் காய்ச்சலோடு இருந்தார்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டு தமிழர்களை ஏற்றி இறக்கிய கப்பல் அது. கடையநல்லூர், தென்காசி ஊர்க்காரர்கள் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் குடியேறிச் சங்கங்கள் வைத்து வாழ்ந்தவர்கள். அவர்கள் ஊருக்கு வந்ததும் போனதும் இந்தக் கப்பல்களில்தான். மே முதல் அடுத்த பிப்ரவரி வரை இந்தியாவில் 44 லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு நோய் வந்ததாகப் பதிவாகியது. இறந்தவர்களாகப் பதிவானோர் ஆயிரத்துச் சொச்சம் பேர். 1918-ஐ நினைத்தால் இது மிகச் சிறிய எண். வைரஸின் குணமும் மாறியிருந்தது, பாக்டீரியா நிமோனியாவைக் கட்டுப்படுத்தப் பென்சிலினும் வந்துவிட்டது. இந்தியாவின் இன்புளூயன்சா மையமாக இயங்கியது அதே குன்னூர் பாஸ்டர் நிறுவனம். 1957 தொற்றின் முழு வரலாற்றையும் அங்கிருந்த ஐ.ஜி.கே. மேனன் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் 1959-ல் எழுதினார். 1968-ன் ஹாங்காங் காய்ச்சலும் வந்து போயிற்று.

வைரஸின் உடலமைப்பை மின்னணு நுண்ணோக்கியும் வேதியியலும் திறந்து காட்டியபோதுதான் கொலஸ்ட்ராலின் பங்கு வெளிப்பட்டது. இன்புளூயன்சா வைரஸுக்கு மேலே ஒரு கொழுப்புறை உண்டு. கொழுப்பைச் செய்யும் திறன் வைரஸுக்கு இல்லை. தான் புகுந்த செல்லின் சவ்விலிருந்தே அந்த உறையை உரித்துக்கொண்டு வெளியேறுகிறது. செல்சவ்வு எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. செங்கற்களுக்கு நடுவே சுண்ணாம்புக் காரை போல, கொழுப்பு மூலக்கூறுகளுக்கு இடையே கொலஸ்ட்ரால் அமர்ந்து சவ்வுக்கு உறுதி தருகிறது. சில இடங்களில் அது மிகச் செறிந்து, மற்ற பகுதிகளைவிட இறுகிய சிறுசிறு திட்டுகளாக நிற்கிறது. இத்தகைய திட்டுகளைப் பற்றிய கருத்தை 1997-ல் கை சைமன்ஸும் எலினா இக்கோனனும் முன்வைத்தார்கள். இன்புளூயன்சா வைரஸ் தன் மேற்பரப்புப் புரதங்களை இந்தத் திட்டுகளில் கூட்டிவைத்து, அங்கிருந்தே மொட்டுவிட்டுப் பிரிகிறது என்பது அடுத்த இரண்டே ஆண்டுகளில் காட்டப்பட்டது. மொட்டின் கழுத்தை நெரித்து வைரஸை விடுவிக்கும் எம்2 என்ற புரதமும் கொலஸ்ட்ராலோடு ஒட்டுவது.

வைரஸின் உறையிலிருந்து கொலஸ்ட்ராலை வேதிப்பொருளால் உறிஞ்சி எடுத்துவிட்டால் அதன் தொற்றும் திறன் வெகுவாகக் குறைகிறது என்று 2003-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. உறையே இல்லாத ரைனோவைரஸுக்கும், அதாவது சாதாரண ஜலதோஷத்தின் முக்கியக் காரணிக்கும், கொலஸ்ட்ரால் தேவைப்படுகிறது. செல்லுக்குள் தன்னைப் படியெடுக்கும் பட்டறையை அமைக்க அது கொலஸ்ட்ராலை அங்கே திருப்பிவிட்டுக்கொள்கிறது. கொரோனா வைரஸுக்கு இன்னொரு வழி. அதன் கூர்ப்புரதம் செல்லின் ஏஸ்2 வாயிலைப் பிடிக்கும்போது, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். துகளை வாங்கிக்கொள்ளும் மற்றொரு ஏற்பி அருகில் இருந்தால் நுழைவு எளிதாகிறது என்று 2020-ல் சீன ஆய்வாளர்கள் கண்டார்கள்.

உடலும் இதை அறிந்தே போரிடுகிறது. வைரஸ் புகுந்ததும் செல்கள் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரக்கின்றன. அதன் ஏவலால் ஒரு நொதி கொலஸ்ட்ராலை 25-ஹைட்ராக்ஸிகொலஸ்ட்ராலாக மாற்றுகிறது. இந்த மாற்றுப்பொருள் சவ்வில் எளிதில் கிடைக்கும் கொலஸ்ட்ராலை உள்ளே ஒதுக்கிவிடச் செய்து, வைரஸ் சவ்வோடு கலப்பதைத் தடுக்கிறது. 2013-ல் பல வைரஸ்களுக்கும், 2020-ல் கொரோனாவுக்கும் இது காட்டப்பட்டது. கொலஸ்ட்ரால் இங்கே வைரஸ் ஏறிவரும் படியும் ஆகிறது, அதைத் தடுக்கும் ஆயுதத்தின் மூலப்பொருளும் ஆகிறது. நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் மெல்லிய படலத்திலும் அதற்கு ஒரு பங்கு இருக்கிறது. கொலஸ்ட்ராலை ஒழித்தால் காய்ச்சல் ஒழியும் என்று எளிதாக முடிவுகட்டுவது தவறு என்பதற்கு இவ்வளவு போதும்.

இவை செல்சவ்வின் கொலஸ்ட்ராலைப் பற்றிய செய்திகள். இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரால் தனிக் கதை. கடையம் வட்டாரத்தின் சமையலறை அந்தக் கதையில் பெரிதும் மாறியது. ஒரு காலத்தில் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் வீட்டுக்கு வீடு அளந்து செலவானது. செங்கோட்டைப் பக்கம் போகப் போகத் தேங்காய் எண்ணெயின் கை ஓங்கியது. கல்யாணத்துக்கு மறுநாள் சொதிக்குத் தேங்காய்ப் பால் பிழிந்தார்கள். அன்றாடம் அப்படி இல்லை. 1937-ல் டால்டா என்ற வனஸ்பதி வந்தது. வனஸ்பதியில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல்.லைக் கூட்டி எச்.டி.எல்.லைக் குறைப்பது என்பது பல பத்தாண்டுகள் கழித்தே உறுதியானது. இந்தியாவில் அதற்கான வரம்பு 2022 ஜனவரியில்தான் 2 சதவீதமாகச் சுருக்கப்பட்டது. 2007 முதல் ரேஷன் கடைகளில் பாமாயில் மலிவாகக் கிடைத்தது. வறுமையில் எண்ணெயே காணாத வீடுகளுக்கு அது நல்லதுதான். அதே பத்தாண்டுகளில் பரோட்டாக் கடைகளும் பொரித்த கோழியும் தென்காசி, செங்கோட்டைச் சாலை நெடுகப் பெருகின. வயலில் இறங்கி நடந்த உடல்கள் குறைந்தன.

இந்த மாற்றத்தோடு பீடித் தொழிலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடையம், ஆழ்வார்குறிச்சி, முக்கூடல், தென்காசி வட்டாரத்துப் பெண்களின் வருமானம் பல தலைமுறைகளாகப் பீடிச் சுற்றில் இருக்கிறது. நாள் முழுதும் முறத்தை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்து, புகையிலைத் தூளைச் சுவாசித்துக்கொண்டே இலை சுற்றும் வேலை அது. பீடி புகைக்கும் ஆண்களுக்கு எச்.டி.எல். குறைகிறது, மூச்சுக்குழாயின் நுண்ணிழைகள் செயலிழக்கின்றன, இன்புளூயன்சா வந்தால் கடுமையாகிறது. ஒரே தொழில் வீட்டில் அடுப்பையும் எரியவைத்து, அதே வட்டாரத்தின் நுரையீரலையும் தேய்த்தது. தொழிலாளருக்கு மாற்று வேலை தராமல் இதைக் குறையாகச் சொல்வது நியாயமாகாது.

பன்னாட்டு மருத்துவ உலகம் உடற்பருமனைச் சுவாசத் தொற்றின் தனி ஆபத்தாக அடையாளம் கண்டது 2009-ன் எச்1என்1 தொற்றின்போது. கலிபோர்னியாவின் மருத்துவமனைகளில் கடுமையாக நோயுற்றவர்களிடையே பருமன் மிகுதியாக இருந்ததை அங்குள்ளவர்கள் முதலில் கவனித்தார்கள். இந்தியர்களின் பிரச்சினை எடையோடு மட்டும் நிற்பதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘இன்டியாப்’ ஆய்வு தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் இரத்தக் கொழுப்பை அளந்து 2014-ல் வெளியிட்ட முடிவு இதைச் சொல்கிறது: மொத்தக் கொலஸ்ட்ரால் கூடியவர்கள் சுமார் 14 சதவீதம்தான், எச்.டி.எல். குறைந்தவர்களோ 72 சதவீதம். ஏதாவது ஒரு கொழுப்பாவது முறைதவறியவர்கள் 79 சதவீதம். மெலிந்த உடலுக்குள்ளும் கொழுப்பின் சமநிலை கெட்டிருக்கக்கூடும் என்பதே இதன் பொருள்.

2020 மார்ச்சில் கோவிட் காரணமாகக் குற்றால அருவிகளில் குளிக்கத் தடை விதித்தார்கள். தென்காசி அப்போது புதிய மாவட்டம், 2019 நவம்பர் 22 அன்று பிறந்தது. ஏப்ரலில் புளியங்குடி தொற்று மையமாக அறியப்பட்டது. மூச்சு முட்டியவர்களுக்குத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே பெரிய நம்பிக்கை. பாளையங்கோட்டையில் 1964 முதல் நடக்கும் அரசு சித்த மருத்துவக் கல்லூரியின் மரபில் இருந்து கபசுரக் குடிநீர் வீடுதோறும் போனது. 1918-ல் பத்தியமாக வாழ்ந்த சுக்கு திரும்பக் கஷாயமாகத் தெருவுக்கு வந்தது. ஆனால் இறந்தவர்களின் முகம் மாறியிருந்தது. 1918-ல் இளம் தாய்மார்களும் உழைக்கும் வயதினரும் போனார்கள். 2020-லும் 2021-லும் பெரும்பாலும் முதியவர்களும், நீரிழிவும் இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்களும் போனார்கள்.

உலகெங்கும் எடுக்கப்பட்ட கணக்குகளில், எச்.டி.எல். குறைந்தவர்களுக்குக் கோவிட் கடுமையாகும் வாய்ப்பு கூடியிருந்தது. இதில் காரணம் எது, விளைவு எது என்று பிரிப்பது எளிதன்று. தொற்றே எச்.டி.எல்.லைக் குறைக்கும் என்பது கிப்பின் காலத்திலிருந்து தெரிந்ததன் தொடர்ச்சி. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மருந்துகள் தொற்றை மட்டுப்படுத்துமா என்று சோதித்தார்கள். தீவிர சிகிச்சையில் இருந்தவர்களுக்கு அடார்வாஸ்டேடின் கொடுத்த ஈரானியச் சோதனை 2022-ல் தெளிவான பலனைக் காட்டவில்லை. சிம்வாஸ்டேடினை வைத்து நடந்த பன்னாட்டுச் சோதனை 2023-ல் பலன் இருக்கக்கூடும் என்று சுட்டியது, ஆனால் அது முடியுமுன்பே நிறுத்தப்பட்டது. ஸ்டேட்டின் கோவிடுக்கு மருந்து என்று எவரும் சொல்ல அடிப்படை இல்லை. இதயத்தைக் காக்க அதை ஏற்கெனவே சாப்பிடுபவர் நிறுத்தவும் காரணம் இல்லை.

கொழுப்புக்கும் சளிக்காய்ச்சலுக்கும் உள்ள உறவில் ஐயத்துக்கு இடமில்லாத பகுதி இதயத்தில்தான் இருக்கிறது. ஆண்டுகள் பல கூடித் தமனியில் படிந்த கொழுப்பு, காய்ச்சலின் அழற்சியில் விரிசல்விட்டு, இரத்தம் உறைந்து அடைப்பாகிறது. இன்புளூயன்சா உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு வாய்ப்பு ஏறத்தாழ 6 மடங்கு ஏறுவதைக் கனடாவின் ஒன்டாரியோ ஆய்வு 2018-ல் காட்டியது. மாரடைப்பு வந்தவர்களுக்கு உடனே இன்புளூயன்சா தடுப்பூசி போட்டபோது அடுத்த ஓராண்டில் இறப்பு குறைந்தது என்று 2021-ல் வெளியான சோதனை கூறியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வாசலிலேயே மாத்திரை கொண்டுவந்தது. 1918-ல் அரிசிக் கடைக்கு அலைந்த ஊர்களில் இன்று மாத்திரை தேடி வருகிறது. சுவாசத் தொற்றைத் தாங்கும் உடலை உருவாக்குவதில் அதன் பங்கு பெரியது.

இன்புளூயன்சா பருவம் வட இந்தியாவின் பல இடங்களில் ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சத்தில் இருக்கும். சென்னை, வேலூர் கண்காணிப்பில் அது வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஏறுகிறது. இதய நோயோ நீரிழிவோ இரத்தக் கொழுப்பு மிகையோ உள்ள முதியவர்கள் ஐப்பசி அடைமழை தொடங்குமுன்பே தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். காய்ச்சல் வந்தால் கஞ்சியும் மிளகு ரசமும் தாராளமாகச் சாப்பிடலாம். பத்தியம் என்று சொல்லி வழக்கமான மாத்திரைகளை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவேண்டாம்.